செக்ரோலும் தரவுத்தளமும்: மலையகப் பதிவேடுகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

பல்கலைக்கழகங்களிலே கணினியியல் பயில்வோர் தமது தொடக்க ஆண்டுகளிற் கற்கும் பாடங்களுள் ஒன்று தரவுத்தள முறைமைகளின் அடிப்படைகள் என்பதாகும். அட்டவணை, நிரை, நிரல், முதன்மைச் சாவி, அந்நியச் சாவி, இயல்பாக்கம், வெற்றுப் பெறுமானம் ஆகியன அப்பாடத்தின் அரிச்சுவடி. இலங்கையில் உயர்தர வகுப்பின் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியற் பாடத்திலேயே இவற்றின் முதற்பகுதி தமிழில் கற்பிக்கப்படுகின்றது. எனினும் இவை காலமும் களமும் அற்ற நுட்பக் கருத்துகளாகவே போதிக்கப்பட்டு வருகின்றன. யாரைப் பற்றிய தரவு, யார் தொகுத்தது, எவருடைய தேவைக்காகத் தொகுத்தது என்னும் வினாக்கள் பாடத்தின் எல்லைக்கு அப்பாற்பட்டனவாகக் கருதப்படுகின்றன. மலையகத் தோட்டத் தொழிலாளரின் வரலாற்றை நோக்குமிடத்து இவ்வினாக்கள் பாடத்தின் நடுவிலேயே நிற்கவேண்டியவை என்பது புலனாகும். கணினி தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே சாவியும் வெற்றுப் பெறுமானமும் அம்மக்களின் வாழ்வைத் தீர்மானித்திருக்கின்றன. அதனை எடுத்துக்காட்டுவதே ஈண்டு நமது நோக்கம்.

தலவாக்கலைக்கும் கொத்மலைக்கும் இடையே பள்ளத்தாக்கில் அமைந்த பூண்டுலோயா என்னும் சிற்றூரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அதனைச் சூழ டன்சினன், ஷீன் முதலிய தேயிலைத் தோட்டங்கள். டன்சினன் என்பது ஷேக்ஸ்பியரின் 'மக்பெத்' நாடகத்திலே காடே நகர்ந்துவந்து சூழ்வதாகச் சொல்லப்படும் குன்றின் பெயர். காட்டை அழித்துப் பயிரிட்ட மலைக்கு அப்பெயரைச் சூட்டியவர்கள் நாடகத்தின் முடிவை மறந்திருக்கவேண்டும்.

பூண்டுலோயா உலக அறிவியல் ஏடுகளிற் பன்முறை இடம்பெற்ற ஓர் ஊர் என்பது பலர் அறியாதது. 19ஆம் நூற்றாண்டின் கடைக்கூற்றில் இங்கே தோட்டத்துரையாக இருந்த எட்வர்ட் எர்னஸ்ட் கிறீன் (1861-1949) ஒரு பூச்சியியலாளர். பின்னர் இலங்கை அரசின் பூச்சியியலாளராகவும் பணியாற்றினார். செதிற்பூச்சிகள் பற்றி அவர் எழுதிய பெருநூல் 1896 தொடக்கம் 1922 வரை ஐந்து பாகங்களாக வெளிவந்தது. அவர் திரட்டிய பூச்சிகளுட் பலவற்றுக்குப் பூண்டுலோயாவே மூல இடமாகக் குறிக்கப்பட்டுள்ளது. அத்தகைய சேகரிப்புகளிலே ஒவ்வொரு மாதிரிக்கும் எவ்விடத்தில், எந்தச் செடியில், எவராற் பெறப்பட்டது என்னும் குறிப்பு உண்டு. அருங்காட்சியகம் மாறினாலும் அக்குறிப்பு பூச்சியுடனேயே செல்லும். அதே மலைச்சரிவில் அக்காலத்தில் கொழுந்து பறித்த பெண்ணொருத்தியின் பிறந்த ஊரையும் பெற்றோர் பெயரையும் இன்று தேடுவோமாயின் எதுவும் கிடைப்பது அரிது.

இதனால் தொழிலாளர் பதிவு செய்யப்படாதவர் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. அவர்களைப்போல் நாள்தோறும் எண்ணப்பட்ட மக்கள்கூட்டம் இலங்கையில் வேறொன்று இல்லை எனலாம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த தகர டிக்கட் முறையையே நோக்குவோம். தென்னிந்தியாவிலிருந்து புறப்படும் ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு சிறு தகரத் துண்டு அணிவிக்கப்பட்டது. சேரவேண்டிய தோட்டத்தின் எண்ணும் ஆளுக்குரிய தொடரெண்ணும் அதில் பொறிக்கப்பட்டிருந்தன. வழிச்செலவை அரசு பொறுத்துப் பின்னர் தோட்டத்திடமிருந்து அறவிட்டுக்கொள்வதற்கு இவ்வெண் பயன்பட்டது. இன்றைய மாணவர் இதனைக் கூட்டுச் சாவி என்று உடனே இனங்காண்பர். இரண்டு எண்கள் சேர்ந்தாலன்றி ஆளை அடையாளங் காணமுடியாது. அவற்றுள் முதலாவது எண் தோட்டத்துக்குரியது. அதாவது, தோட்டத்தைச் சேராத ஓர் ஆளுக்கு அந்த அமைப்பில் எண்ணே கிடையாது.

தோட்டத்தை அடைந்தபின் தகரத்தின் இடத்தைச் செக்ரோல் பெற்றது. விடியற்காலையிற் பிரட்டுக்களத்திலே ஆட்கள் நிற்க, கணக்கப்பிள்ளை பேர் பதிவார். மலையகப் பேச்சுவழக்கில் 'பேர்' என்னும் சொல் பெற்ற பொருள்மாற்றம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. ஒருநாள் வேலை ஒரு 'பேர்'. நிர்ணயித்த இறாத்தல் கொழுந்து எடுக்காவிட்டால் 'அரைப்பேர்'. மனிதரைக் குறிக்கும் சொல்லே கூலியின் அளவையாக மாறி, பாதியாகவும் வெட்டப்படலாயிற்று. பதிவேட்டின் அமைப்பு மொழியினுள்ளே இவ்வளவு ஆழமாக இறங்கியதற்கு இதனைவிடச் சிறந்த சான்று நாம் கண்டதில்லை.

செக்ரோலின் பின்னாலிருந்த உறவமைப்பு ஒரு மரத்தை ஒத்தது. மேலே தோட்டம், அதன்கீழ்ப் பிரிவுகள், பிரிவின்கீழ்க் கங்காணிமார், கங்காணியின்கீழ் ஆட்கள். ஆளின் கடன் கங்காணியின் கணக்கிலேயே நின்றது. வேலைக்கு இறங்கிய ஆட்களின் தொகைக்கேற்பக் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. ஒரு தொழிலாளியைத் துரைத்தனம் கங்காணியின் வழியாகவே அறிந்தது. இவ்வமைப்பின் உச்ச வடிவம் 'துண்டு' என வழங்கிய சீட்டாகும். இன்ன தொகையைச் செலுத்தினால் இக்கங்காணியையும் அவன் கூட்டத்தையும் விடுவிக்கச் சம்மதம் என்று துரை எழுதிக்கொடுப்பார். அச்சீட்டைக் கொண்டு வேறொரு தோட்டத்திற் பணம் பெற்றுக் கூட்டம் முழுவதும் இடம்பெயரும். மரத்தின் ஒரு கிளையை வெட்டி இன்னொரு மரத்தில் ஒட்டுவதைப் போன்றதே இது. கிளையிலுள்ள இலைகளின் சம்மதம் கேட்கப்படவில்லை. ஒவ்வொரு மாற்றத்திலும் கடன் வளர்ந்ததேயன்றிக் குறையவில்லை. 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் துண்டுமுறை ஒழிக்கப்பட்டது.

தரவுத்தளவியலின் வரலாறும் மரத்திலேயே தொடங்கியமை தற்செயலானதன்று. 1960களின் பிற்கூற்றில், நிலவுப் பயணத்துக்கான அப்பலோத் திட்டத்தின் உதிரிப்பாகங்களைக் கணக்கிடும் தேவையிலிருந்து ஐ.பி.எம். நிறுவனத்தின் ஐ.எம்.எஸ். என்னும் முறைமை உருவாயிற்று. அதிலே ஒவ்வொரு பதிவுக்கும் ஒரே ஒரு தாய்ப்பதிவுதான் இருக்கலாம். கீழே உள்ளதை அடைய உச்சியிலிருந்து இறங்கிவரவேண்டும். தாய்ப்பதிவை நீக்கினால் அதன்கீழ் உள்ளவையும் நீங்கும். இயந்திர உறுப்புகளுக்கு இது பொருந்தக்கூடும். மனிதரையும் இவ்வாறே அடுக்கிய தோட்டத்து ஏடுகள் இதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு மூத்தவை.

இம்மர அமைப்பின் குறைபாட்டைக் கோட்பாட்டு நிலையில் வெளிப்படுத்தியவர் எட்கர் கொட் (1923-2003). இங்கிலாந்திற் பிறந்து அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்திற் பணிபுரிந்த கணிதவியலாளரான இவர், மக்கார்தியின் வேட்டை நடந்த நாள்களில் அதன்மேற் கொண்ட வெறுப்பினால் 1953இல் கனடாவுக்குக் குடிபெயர்ந்து சில ஆண்டுகள் அங்கு வாழ்ந்தவர். 1970இல் அவர் வெளியிட்ட கட்டுரையே இன்றைய தரவுத்தளப் பாடத்தின் மூலவேர். தரவை அடைவதற்கு ஒரே பாதையை விதிக்கும் அமைப்பு, அப்பாதை மாறியதும் பயனற்றுப்போகும் என்பது அவருடைய வாதங்களுள் ஒன்று. உண்மைகளைத் தனித்தனி உறவுகளாகப் பிரித்து, ஒவ்வோர் உறவிலும் ஒவ்வொரு நிரையையும் அதன் சொந்தச் சாவியால் இனங்காணுமாறு அமைத்தால், எந்த உண்மைக்கும் வேறொன்றின் தயவு தேவைப்படாது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் அவர் வகுத்த இயல்பாக்க விதிகள் இக்கருத்தின் விரிவேயாகும்.

இயல்பாக்கம் மாணவருக்குக் கடினமான பகுதி என்று ஆசிரியர் கூறுவதுண்டு. பாடநூல் உதாரணங்களே இதற்கு ஒரு காரணம் என்பது எமது கருத்து. சீ. ஜே. டேற்றின் 1975ஆம் ஆண்டு நூல் முதல் வழங்கிவரும் உதாரணம் இலண்டனிலும் பரிசிலும் இருக்கும் வழங்குநர்கள் திருகாணி விற்பது. பூண்டுலோயாவின் லயத்திலிருந்து சென்ற மாணவிக்கு அது எதனை நினைவூட்டும்? மாறாக, தொழிலாளியின் எண், பெயர், கங்காணி, லயக் காம்பிரா இலக்கம், அரிசிப் பங்கு, கடன், சார்ந்திருப்போர் ஆகிய அனைத்தும் ஒரே நிரையில் எழுதப்பட்ட ஓர் அட்டவணையை அவள்முன் வைப்போம். ஒருவரைச் செக்ரோலிலிருந்து நீக்கினால் வேலை மட்டும் போவதில்லை. காம்பிராவும் அரிசியும் முகவரியும் சேர்ந்தே போகின்றன. ஓர் உண்மையை அழிக்கும்போது அதனோடு தொடர்பற்ற வேறோர் உண்மையும் அழிவதைத்தான் பாடநூல் நீக்கல் முரண் என்கின்றது. வேலையில் இல்லாத ஒருவரை அந்த அட்டவணையில் எழுதவே வழியில்லை என்பது செருகல் முரண். ஒரே ஆளின் பெயர் செக்ரோலில் ஒருவிதமாகவும் பிறப்புப் பத்திரத்தில் வேறுவிதமாகவும் அடையாள அட்டையில் மற்றொரு விதமாகவும் நிற்பது புதுப்பித்தல் முரண். தோட்டத்து மக்கள் இம்மூன்றையும் பெயர் தெரியாமலே அறிந்துவைத்திருக்கிறார்கள். வேலைநிறுத்தம் செய்த தொழிலாளியை வேலையிலிருந்து நீக்குவது குடும்பத்தோடு வெளியேற்றுவதாகவே முடிந்த காரணம் அந்நிரையின் அமைப்பில் உள்ளது.

பல நாடுகளிற் பாடநூலாக உள்ள எல்மஸ்ரி, நவாதே ஆகியோரின் நூல் 1989இல் முதலில் வெளிவந்தது. அதில் வரும் நிறுவனத் தரவுத்தளத்தில் 'சார்ந்திருப்போர்' என்னும் உள்பொருள் ஒன்று உண்டு. பணியாளரின் மனைவி, மக்கள் ஆகியோருக்குச் சொந்தச் சாவி இல்லை. பணியாளரின் எண்ணோடு சேர்த்தே அவர்களை இனங்காணலாம். பணியாளர் நீங்கினால் அவர்களும் நீங்குவர். இதனை நலிந்த உள்பொருள் என்பர். 1976இல் உள்பொருள்-உறவு மாதிரியை முன்வைத்த பீற்றர் சென்னின் கட்டுரையிலேயே இவ்வுதாரணம் உண்டு. நிறுவனத்தின் காப்புறுதிக் கணக்குக்கு இதிற் பிழையேதுமில்லை. ஆனால் நிறுவனமே ஊராகவும், வீட்டுச் சொந்தக்காரனாகவும், பள்ளிக்கூடம் நடத்துபவனாகவும், கடிதங்களைப் பெற்று விநியோகிப்பவனாகவும் இருக்கும் இடத்தில் நலிந்த உள்பொருள் என்பது ஒரு சமூகநிலை ஆகிவிடுகின்றது. தோட்டத்துப் பிள்ளை பல தலைமுறைகளாக அவ்வாறே எண்ணப்பட்டது.

இத்தகைய ஏடுகளையே சான்றாகக் கொண்டு வாழ்ந்த மக்களிடம், 1948இல் சுதந்திர அரசு முற்றிலும் வேறொரு ஏட்டைக் கேட்டது. அவ்வாண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தின்படி, இலங்கையிற் பிறந்தவர் வம்சாவளிப் பிரசையாகத் தம் தந்தை இலங்கையிற் பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்குப் பிறந்தவர்கள் என்றோ காட்டவேண்டும். தரவுத்தள மொழியிற் சொன்னால், ஒவ்வொரு நிரையும் தந்தையின் நிரையைச் சுட்டும் ஓர் அந்நியச் சாவியைக் கொண்டிருக்கவேண்டும். ('அந்நிய' என்னும் அடைமொழி இங்கே தானாகவே ஒரு கசப்பைப் பெற்றுவிடுகின்றது.) தந்தையின் நிரை எந்த ஏட்டிலும் இல்லையெனில் தொடர்பு அறுந்துபோகும். தாயின் பிறப்பு எவ்வளவு உறுதியாகப் பதியப்பட்டிருந்தாலும் பயனில்லை. சட்டம் அந்த நிரலைப் படிக்கவில்லை. கொழுந்தெடுப்போருட் பெரும்பாலோர் பெண்களாக இருந்த ஒரு சமூகத்தில் இதன் விளைவைச் சொல்லவேண்டியதில்லை. தாய்வழியாகவும் பிரசாவுரிமை பெறலாம் என்ற திருத்தம் 2003ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்தினாலேயே வந்தது.

1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் தொடர்ச்சியான வதிவைக் கேட்டது: 1946 ஜனவரி முதலாந் திகதிக்கு முன் மணமானவருக்கு 7 ஆண்டுகள், மணமாகாதவருக்கு 10 ஆண்டுகள். இங்கே செக்ரோல் மீண்டும் மேடைக்கு வருகின்றது. கூலி கணக்கிடுவதற்காகத் தோட்டம் வைத்திருந்த ஏடு நாட்டுரிமைக்குச் சான்றாயிற்று. ஊருக்குச் சென்று நீண்டநாள் தங்கித் திரும்பியவரின் இடைவெளி, வதிவின் தொடர்ச்சியை முறிப்பதாகக் கொள்ளப்பட்டது. சுமார் 824,000 பேருக்காக விண்ணப்பங்கள் அளிக்கப்பட்டன. ஏற்கப்பட்டோர் சுமார் 134,000 பேர். 1947 பொதுத்தேர்தலில் மலையகத் தொகுதிகளிலிருந்து இலங்கை இந்தியக் காங்கிரஸ் உறுப்பினர்கள் பாராளுமன்றம் சென்றிருந்தனர். 1952இல் ஒருவரும் செல்லவில்லை. இடதுசாரி இயக்கத்துக்குக் கிடைக்கக்கூடிய தொழிலாளர் வாக்குகளும் இவற்றோடு அழிந்தன. இச்சட்டங்களின் வர்க்கநோக்கத்தை அறிய வேறு விளக்கம் வேண்டியதில்லை.

சான்று இல்லை என்பதும், செய்தி பொய் என்பதும் ஒன்றா? 1978இல் கனடியக் கணினி அறிஞர் ரேமண்ட் ரைற்றர் இதற்கு ஒரு பெயரிட்டார்: மூடிய உலகு எடுகோள். ஏட்டில் இல்லாதது நிகழவில்லை என்று கொள்வதே அது. வானூர்திப் பயண அட்டவணைக்கு இந்த எடுகோள் தகும்; அட்டவணையில் இல்லாத பயணம் உண்மையிலேயே இல்லை. பிறப்பு ஏட்டுக்கு அது தகாது. கொட்டும் இதனை உணர்ந்தே, தெரியாத இடத்தை நிரப்ப வெற்றுப் பெறுமானத்தையும், அதற்கேற்ப மெய், பொய், தெரியாது என்னும் மும்மதிப்பு ஏரணத்தையும் கொண்டுவந்தார். 1974 முதல் வளர்ந்த எஸ்.கியூ.எல். மொழி இதனைக் கையாளும் முறை மாணவரைக் குழப்புவது. ஆயினும் எமக்கு மிகுந்த பொருளுடையதாகத் தோன்றுகின்றது. நிரைகளைத் தேர்ந்தெடுக்கும் நிபந்தனையில் விடை 'தெரியாது' என வந்தால் அந்நிரை விலக்கப்படும். 'பொய்' என்பதற்கும் அதற்கும் வேறுபாடில்லை. அட்டவணைக்குள் ஒரு நிரையை அனுமதிக்கும் கட்டுப்பாட்டிலோ, விடை 'பொய்' என வந்தால் மட்டுமே அது மறுக்கப்படும்; 'தெரியாது' என்றால் ஏற்கப்படும். ஒரே அறியாமை ஓரிடத்தில் ஆளுக்குப் பாதகமாகவும் மற்றோரிடத்தில் ஆளுக்குச் சாதகமாகவும் எண்ணப்படுகின்றது. நிறுவும் பொறுப்பு எவர்மேல் என்பதை ஏரணம் தீர்மானிப்பதில்லை, அமைப்பவரே தீர்மானிக்கின்றார். 1948இன் சட்டம் தேர்ந்தெடுக்கும் நிபந்தனையாக எழுதப்பட்டது.

1964 அக்டோபர் 30ஆம் திகதி சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் ஏரணத்தையும் கைவிட்டு எண்ணிக்கையைக் கைக்கொண்டது. 975,000 பேர் எனக் கணக்கிட்டு, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பின்னர் பேசித் தீர்ப்பதற்கு என்று பிரித்தனர். அவ்வெச்சம் 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிடப்பட்டது. எந்த ஆள் எந்தப் பக்கம் என்பது முதலில் தீர்மானிக்கப்படவில்லை; தொகைதான் முதலில் வந்தது. குடிசன மதிப்பில் இதன் தடம் தெளிவு. 1911 முதல் தனிவகுப்பாக எண்ணப்பட்டுவந்த இந்தியத் தமிழர் 1971இல் 1,174,606 பேர். 1981இல் 818,656 பேர். நாடுகடந்தோர் தொகை இதிற் பெரும்பகுதி. அவ்வகுப்புப் பெயரைத் துறந்து தம்மை இலங்கைத் தமிழர் என்று பதிந்துகொண்டோரும் உண்டு. ஆளும் பெயரும் மாறாதிருக்க ஒரு நிரலிலுள்ள பெறுமானம் மட்டும் மாறிற்று.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமே நிபந்தனையைத் திருப்பியமைத்தது. 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் வதிந்த இந்திய வம்சாவளியினரும், இந்நாட்டில் வாழும் அவர் வழித்தோன்றல்களும் பிரசைகளாக ஏற்கப்பட்டனர். பூட்டனின் பிறப்பைக் கேட்டுவந்த வினா கைவிடப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் ஐக்கிய நாடுகள் அகதிகள் நிறுவனத்தின் துணையுடன் நடந்த பதிவு இயக்கத்திற் சுமார் பத்து நாள்களிலேயே ஏறத்தாழ 190,000 பேர் பயன்பெற்றனர். ஐம்பத்தைந்து ஆண்டுகள் தீராதிருந்த சிக்கலைத் தீர்க்கப் புதிய ஏடு எதுவும் கண்டெடுக்கப்படவில்லை. வினாவின் வடிவமே மாறிற்று.

இந்நூற்றாண்டிலே கணினியியற் கல்வி மலையகத்தை மெல்ல எட்டியுள்ளது. 1987இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் அமைந்த கணினித் தொழினுட்ப நிறுவகம் 2002இல் கணினிக் கற்கைகளுக்கான கல்லூரியாக வளர்ந்தது. அதன் வழியாக 2000இல் தொடங்கிய தகவல் தொழினுட்ப வெளிவாரிப் பட்டம், பல்கலைக்கழக அனுமதி கிடைக்காதோருக்கும் வழி திறந்தது. ஆங்கில மொழிமூலம் என்பது தோட்டப்புற மாணவருக்கு இன்னும் செங்குத்தான ஏற்றமே. இருப்பினும் நாளைய ஏடுகளை வடிவமைக்கும் இடத்தில் இவர்களுட் சிலர் அமர்வர் என்பதில் ஐயமில்லை. இந்தியாவின் நிதியுதவியுடன் தனித்துவ எண்ம அடையாள அட்டைத் திட்டம் இலங்கையில் முன்னெடுக்கப்பட்டு வருகின்றது. 1964இல் ஒரு மக்களைப் பங்கிட்டுக்கொண்ட இரு அரசுகளே இதிலும் கூட்டாளிகள். எந்த நிரல் கட்டாயமானது, எந்த இடம் வெற்றாக இருக்கலாம், பெயர் பொருந்தாதபோது எவருடைய சொல் ஏற்கப்படும் என்பன அதிலும் எழும் வினாக்களே.

தேசிய அடையாள அட்டையின் எண்ணையே வகுப்பறையில் ஆராயலாம். 2016க்கு முந்திய ஒன்பது இலக்க எண்ணின் முதலிரு இலக்கங்கள் பிறந்த ஆண்டைச் சொல்லும். அடுத்த மூன்று இலக்கங்கள் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதைக் குறிக்கும். பெண்ணாயின் அதனோடு 500 கூட்டப்படும். ஈற்றெழுத்து வாக்குரிமையைக் குறித்தது. அடையாளம் காட்டுவதை மட்டும் செய்யவேண்டிய சாவிக்குள் வயதும் பாலும் அரசியல் உரிமையும் திணிக்கப்பட்டால் என்ன நேரும் என்பதற்கு இதனினும் அண்மையான உதாரணம் வேண்டியதில்லை. பிறந்த திகதி தவறாகப் பதியப்பட்டவருக்குத் திருத்தம் என்பது சாவியையே மாற்றுவதாகிவிடும்.

தகர டிக்கட்டும் முற்றாக மறைந்துவிடவில்லை. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் வந்த ஊழியர் சேமலாப நிதியில் தொழிலாளியின் கணக்கு, தொழில்தருநரின் எண்ணும் அங்கத்தவர் எண்ணும் சேர்ந்த கூட்டுச் சாவியாகவே அமைந்தது. தோட்டம் மாறினால் எண்ணும் மாறும். அரச கூட்டுத்தாபனங்களின் கீழிருந்த தோட்டங்கள் 1992இல் பிராந்தியக் கம்பனிகளின் முகாமைக்குச் சென்றபோதும் இவ்வமைப்பின் தர்க்கம் மாறவில்லை. டன்சினன் தோட்டத்தில் 2018 ஆகஸ்டில் இந்திய உதவியுடன் கட்டிக் கையளிக்கப்பட்ட 404 வீடுகள் மகாத்மா காந்திபுரம் எனப் பெயரிடப்பட்டன. லய இலக்கத்துக்கு மாற்றாக ஊர்ப்பெயர் கொண்ட முகவரி அங்கே சிலருக்கு வாய்த்தது. ஆனால் இரண்டு மூன்று தோட்டங்களில் வாழ்நாள் முழுதும் கொழுந்தெடுத்து ஓய்வுபெறும் பெண், தன் சேமிப்பைப் பெறச் செல்லும்போது, ஓர் ஏட்டில் ஒருவிதமாகவும் மற்றோர் ஏட்டில் வேறுவிதமாகவும் எழுதப்பட்ட பெயர்கள் எல்லாம் ஒரே ஆளையே குறிக்கின்றன என்று சத்தியக் கடதாசி முடித்துக் கொடுக்கவேண்டிய நிலை இன்னும் இருந்து வருகின்றது.